லொறிக்கு வெந்நீர் போட்டவள்

பாக்கியலெட்சுமியைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை லொறி ஓட்டுகிறான் என்று நமுனுகுல மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளிலெல்லாம் அதே பேச்சாக இருந்தது. அந்தத் தோட்டத்துக்கே லொறி அது ஒன்றுதான், தம்பையாதான் அதற்கு டிரைவர். கொழுந்துக் கூடை சுமக்கிற கூட்டத்தில் இவளுக்கு வந்த வாழ்வைப் பார் என்று வயிறெரிந்தவர்களும் உண்டு. ஒரு நாள் வந்து அடுப்படியை எட்டிப் பார்த்திருந்தால் அந்த வாழ்வின் லட்சணம் தெரிந்திருக்கும்.

அந்த லொறி ஜெர்மன் சண்டைக்குப் போய்விட்டு வந்த கிழடு. எவனோ ஒரு வெள்ளைக்காரன் தலையைச் சுற்றித் தூக்கிப் போட்டதைத் தோட்டத்துத் துரை வாங்கி வைத்திருந்தார். வெயில் காலத்தில் ஏதோ ஓடும். மார்கழி பிறந்து மலையில் பனி இறங்கிவிட்டால் போச்சு. விடிய விடியக் குளிரில் கிடந்த எஞ்சினுக்குள் எண்ணெய் கூழாகிவிடும். முன்னால் கம்பியை மாட்டி இரண்டு ஆள் தொங்கினாலும் சுற்றாது. அதனால் தம்பையா சாயங்காலமே அந்தக் கறுப்பு எண்ணெயை ஒரு டின்னில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்போரம் வைப்பான். பிளக்குகளைக் கழற்றி அவள் கருவாடு சுடுகிற தணலில் போட்டுச் சூடேற்றுவான். காலையில் இரண்டு குடம் வெந்நீர் வேண்டும், அது லொறியின் தண்ணீர்த் தொட்டிக்கு. பிள்ளை பெற்றுப் பச்சை உடம்போடு கிடந்தபோதுகூட அவளுக்கு ஒரு செம்பு வெந்நீர் வேளைக்குக் கிடைத்ததில்லை.

"எனக்கு மூத்தாள் ஒருத்தி இருக்கா. அவளுக்குத்தான் இந்த வீட்டுல வெந்நீரும் எண்ணெ முழுக்கும்," என்று அடுத்த காம்பிரா வீட்டுப் பெரியாயியிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

தம்பையா அதைக் கேட்டுச் சிரிப்பான். ஆனால் லொறியை வேறு எவனாவது ஒரு வார்த்தை குறை சொல்லிவிட்டால் மூக்குக்கு மேல் கோபம் வரும். தாமதமாகப் போகிற நாளெல்லாம் ரோட்டில் மண் சரிந்துவிட்டது, துரை நிற்க வைத்துவிட்டார் என்று எதையாவது அளப்பானே தவிர, வண்டி கிளம்பவில்லை என்று மட்டும் சொல்லமாட்டான். அப்படி ஒரு வறட்டுக் கௌரவம்.

பதுளைக்கு ரயில் வந்த புதிது. அந்தத் தை மாதம், லுணுகலைப் பக்கம் வாழ்க்கைப்பட்ட அவளுடைய அக்கா வள்ளியம்மை, புருஷனோடு ஒரேயடியாக ஊருக்குப் போகிறாள் என்று சேதி வந்தது. ஊர் என்றால் கடல் தாண்டித் திருச்சிப் பக்கம். திரும்பி வருகிற யோசனை இல்லை. ஆத்தா செத்த பிறகு பாக்கியலெட்சுமியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். பதுளையில் காலை ரயிலைப் பிடித்து, தலைமன்னார் போய்க் கப்பலேறுவார்கள். ரயிலடியில் ஒரே ஒரு தடவை அக்கா முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று இவள் அழுதாள். அன்றைக்குத் தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகிற லொறியில் அவளையும் கூட்டிப்போகத் தம்பையாவே துரையிடம் கெஞ்சி உத்தரவு வாங்கி வந்தான்.

அவன் சொல்லாமலே அவள் எண்ணெய் டின்னை அடுப்புக்கு நெருக்கி வைத்தாள். பிளக்குகளைச் சாம்பல் துடைத்து, சூடு ஆறாமல் முந்தானையில் பொத்திக் கொண்டுபோய்க் கொடுத்தாள். பிள்ளையைக் குளிப்பாட்ட வைத்திருந்த வெந்நீரையும் சேர்த்து லொறிக்கே ஊற்றினாள். சாமிக்குக்கூட ஒருத்தி இதற்கு மேல் செய்ய முடியாது.

கிளம்பியதா? எங்கே கிளம்பியது. தம்பையா மூச்சுப் பிடித்துக் கம்பியைச் சுற்றினான். ஒரு தும்மல் தும்மிவிட்டு அடங்கிவிட்டது. மறுபடி சுற்றினான், கம்பி திருப்பி உதைத்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. காலையில் பேர் பதியப் பெரட்டுக்குப் போகிற ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவளுக்கு அந்த லொறியைக் கோடாலியால் கொத்திப் போடலாம் போல ஆத்திரம் வந்தது.

"சரிவுல தள்ளுனாப் பிடிச்சிக்கும்," என்றான் தம்பையா.

"தள்ளித்தான் தொலைங்களேன். நேரம் போகுது."

தள்ள ஆள் பற்றவில்லை. அக்காவுக்கென்று கட்டிய பலகார மூட்டையைச் சீட்டில் வைத்துவிட்டு, பிள்ளையைப் பெரியாயி கையில் கொடுத்துவிட்டு, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் பின்னாலிருந்து தள்ளினாள். வண்டி அசைந்தது. சரிவில் வேகம் பிடித்தது. படபடவென்று வெடித்து, புகையைக் கக்கி, ஒருவழியாக உயிர் வந்துவிட்டது. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் லொறி நிற்கவில்லை.

"நிறுத்துனா அணைஞ்சிடும் புள்ளே," என்று கத்திக்கொண்டே தம்பையா வளைவு திரும்பிவிட்டான்.

பனிக்குள் கொஞ்ச தூரம் ஓடிப் பார்த்தாள். சத்தம் மலைக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. இனி நடந்து போய்ச் சேர்வதற்குள் ரயில் பண்டாரவளையைத் தாண்டிவிடும். பாதை நடுவில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் அவன் திரும்பி வந்தான்.

"அக்காவப் பார்த்தீங்களா?"

"பார்த்து மூட்டையக் குடுத்தேன். ரயில் நகர்ற வரைக்கும் ஒன்னத்தான் தேடிக்கிட்டு இருந்திச்சு."

"ஏன் வரலன்னு கேட்டாளா?"

தம்பையா வீங்கின கையைத் தடவிக்கொண்டான். "புள்ளைக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன்."

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. பிள்ளை வாசலில் குண்டுக்கல் மாதிரி உட்கார்ந்து மண்ணை அள்ளித் தின்றுகொண்டிருந்தது.

"வண்டி கிளம்பலன்னு சொல்ல வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?"

"அத்தனை சனத்துக்கு முன்னால எப்படிச் சொல்றது? மானம் போயிடாதா?"

அதற்குப் பிறகுதான் சட்டைப் பையிலிருந்து ஒரு மஞ்சள் முடிச்சை எடுத்து நீட்டினான். உள்ளே ஒற்றைக் காசு. காய்ச்சல் என்று கேட்டதும் அக்கா பதறிப்போய், அங்கேயே தன் மஞ்சள் முந்தானையைக் கிழித்துக் காசு முடிந்து, பிள்ளை பிழைத்தால் பெற்றவர்கள் கதிர்காமத்துக்கு நடந்து வந்து அதற்கு முடி இறக்குவார்கள் என்று முருகனுக்கு நேர்ந்துகொண்டாளாம். தலைமன்னார் வரைக்கும், கப்பலிலும், பிள்ளைக்கு எப்படி இருக்கிறதோ என்றுதான் அவள் அழுதுகொண்டு போவாள். வராத காய்ச்சல் விட்டுவிட்டது என்று அவளுக்கு யார் போய்ச் சொல்வது?

பாக்கியலெட்சுமி முடிச்சைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கூரைக் கம்பில் கட்டினாள். எந்தக் காரணத்துக்கு நேர்ந்தாலும் நேர்ந்தது நேர்ந்ததுதான்.

"ஆடிக்கு நடந்து போறோம்," என்றாள். "புள்ளைய வழி பூரா நீங்கதான் சுமக்கணும். அங்க போயி, இதுக்கு என்ன காய்ச்சல் வந்திச்சுன்னு அந்த முருகன்கிட்ட நீங்களே சொல்லுங்க."