முயலின் ஏகாதசி

எங்க வீட்டு முயலுக்கு நாக்கு ரொம்ப நீளம். கொத்தமல்லி வேணும், அதுவும் அன்னைக்கு வாங்கினதா இருக்கணும். முட்டைக்கோஸ் இலையை மோந்து பார்த்துட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துக்கும். முள்ளங்கிக் கீரையைக் காலால தள்ளிவிடும். காந்தி மார்க்கெட் வரைக்கும் போய்ப் பை நிறையக் கீரை வாங்கிட்டு வந்து, ஒரு முயல்கிட்ட அவமானப்படறவ இந்த ஸ்ரீரங்கத்துலயே நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

ஏழாவது படிக்கிற என் பொண்ணு கெஞ்சிக் கூத்தாடி வாங்க வெச்சது அது. தீனி போடறது அவ வேலை, கூண்டுத் தட்டுல கிடக்கிற புழுக்கையை அள்ளறது என் வேலை. அதுலயே எனக்குப் பாதி எரிச்சல். வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள் அவ ட்யூஷன் போயிருந்தா. அவ போட்டுட்டுப் போன அரைக்கீரையை அது தொடவே இல்ல. "பெரிய மகாராஜா!"ன்னு திட்டிட்டு, நாலு ரஸ்க்கைப் போட்டேன். மொறுமொறுன்னு தின்னுடுச்சு. பொண்ணுகிட்ட நான் சொல்லல.

மறுநாள் எனக்கு விரதம். முயல் மூலையில குறுகி உட்கார்ந்திருந்துச்சு. "கொத்தமல்லியே வேணாங்குதும்மா"ன்னா பொண்ணு. "பசிச்சா தானா தின்னும், போ"ன்னேன். கூண்டுத் தட்டு வேற துடைச்சு வெச்ச மாதிரி சுத்தமா இருந்துச்சு. அப்பாடா, ஒரு வேலை மிச்சம்னு சந்தோஷப்பட்டேன், பாவி!

எதிர்வீட்டு மாமி வந்து பார்த்தாங்க. "ஏன்டிம்மா, இது ஏகாதசி உபவாசம்னா இருக்கு! போன ஜென்மத்துல பெருமாளுக்குக் கைங்கர்யம் பண்ணின ஆத்மாவா இருக்கும்"னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க. எனக்குப் பெருமை பிடிபடல. மாடிவீட்டுக்காரங்களையும் கூப்பிட்டுக் காட்டினேன். பொண்ணு மட்டும் கூண்டை விட்டு நகரல. மத்தியானம், "அம்மா, பல்லை நறநறன்னு கடிக்குதும்மா, வயிறு கல்லு மாதிரி இருக்கு"ன்னு அழுதா. தொட்டேன். காது ஜில்லுன்னு இருந்துச்சு.

அன்னைக்கு ஊருக்குள்ள ஆட்டோ வராது. முயலைக் கூடையில வெச்சுத் துண்டால மூடி, கோயிலுக்கு வர்ற கூட்டத்துக்கு எதிர்ல ரெண்டு பேரும் நடந்தோம். "ரங்கா, ரங்கா"ன்னு ஊரே அந்தப் பக்கம் போக, நாங்க மட்டும் இந்தப் பக்கம். காவேரிப் பாலத்துக்கிட்ட ஆட்டோ பிடிச்சு, மன்னார்புரத்துல இருக்கிற மிருக டாக்டர்கிட்ட போய்ச் சேர்றதுக்குள்ள உயிர் போய் உயிர் வந்துச்சு.

"கடைசியா எப்பம்மா புழுக்கை போட்டுச்சு?"ன்னு கேட்டாரு டாக்டர்.

"இன்னைக்குத் தட்டு சுத்தமா இருந்துச்சு டாக்டர்."

"தட்டு சுத்தமா இருந்தா முயலுக்குக் குடல் நின்னு போச்சுன்னு அர்த்தம். என்ன தின்னுச்சு?"

"அரைக்கீரை"ன்னா பொண்ணு. பேசாம இருந்துடலாமான்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அப்புறம், "இல்ல, நாலு ரஸ்க். நான்தான் போட்டேன்"னேன். அவ என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கே, அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. டாக்டர் ஊசி போட்டு, மருந்து கொடுத்து, "நாளைக் காலைக்குள்ள புழுக்கை போட்டா பிழைச்சுது. இல்லன்னா சொல்றதுக்கில்ல"ன்னாரு.

வீடு வர்ற வரைக்கும் கூடையை அவ என் கையில கொடுக்கவே இல்ல.

துவாதசி காலையில, விரதத்தை முடிக்க அகத்திக்கீரை ஆய்ஞ்சுக்கிட்டிருந்தேன். "அம்மா!"ன்னு ஒரு சத்தம். ஓடினேன். தட்டுல மூணு புழுக்கை, மிளகு அளவுக்கு. மூக்குல துணியைக் கட்டிக்கிட்டு அள்ளறவ நான். அன்னைக்கு உள்ளங்கையில வெச்சுப் பார்த்து அழுதேன். கையில இருந்த அகத்திக்கீரையில ஒரு கொத்தை நீட்டினேன். இலையை மட்டும் தின்னுட்டு, காம்பைக் காலால தள்ளிவிட்டுச்சு.

வாசல்ல மாமி எட்டிப் பார்த்தாங்க. "என்ன, முயல் விரதத்தை முடிச்சுடுத்தா?"

நான் வாயைத் திறக்கிறதுக்குள்ள பொண்ணு சொன்னா: "அது விரதம் இருக்கல மாமி. அதுக்கு வயித்து வலி. அம்மா கவனிக்கல."

அடுத்த கொத்துல காம்பையெல்லாம் கிள்ளிப் போட்டுட்டு, இலையை மட்டும் அவ கையில கொடுத்தேன்.