அண்ணிக்காக வரைந்த தாள்

தையல் வகுப்பில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், துணியை இரண்டாக மடிப்பது. மடித்த துணியின் மேல் பாதி உடம்புக்கு அளவு வரைந்த தாளை வைத்து வெட்டினால் போதும். மறுபாதியும் தானாக வந்துவிடும். பிறகு நான் வாங்கிய புத்தகங்களிலும், இப்போது செல்போனில் பார்க்கும் வீடியோக்களிலும் அதே பாடம்தான். ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகும் அப்படித்தான் வீட்டில் எல்லோருக்கும் ஜாக்கெட் தைத்தேன், நான் அண்ணி என்று கூப்பிடும் என் கணவரின் அக்காவுக்கு மட்டும் தைத்ததில்லை.

அண்ணி சின்ன வயதில் விழுந்து எலும்பு முறிந்தவர். இடது தோள் இரண்டு விரற்கடை இறங்கியே கூடிவிட்டது. யார் தைத்தாலும் அந்தப் பக்கம் ஜாக்கெட் நழுவும், கூடவே முந்தானையும். அதைப் பிடித்துக்கொள்ளவே ஒரு கை வேண்டும். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, தங்கள் தறியிலேயே நெய்த பட்டுப்புடவையின் ஜாக்கெட் துணியை என்னிடம் நீட்டினார்.

"டைலருங்க எல்லாம் என் உடம்பத்தான் குத்தம் சொல்றாங்க. நீயே தச்சிடு. கோணலா வந்தாலும் பரவால்ல, இழுத்து வுட்டுகினு இருந்துடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. "உடம்பு சரியாத்தான் இருக்குது அண்ணி. தாளுதான் தப்பு," என்றேன்.

சொல்லிவிட்டேனே தவிர, வழி தெரியவில்லை. எந்த வீடியோவிலும் இதற்குப் பதில் இல்லை. கடைசியில் அவருடைய வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் தனித்தனியாக அளந்தேன். தோள், அக்குள் சுற்று, எதுவுமே ஒத்துப்போகவில்லை. முதுகை மடிப்பே இல்லாமல் ஒரே தாளில் முழுதாக வரைந்தேன். முன்பக்கத்துக்கு இரண்டு வேறு தாள்கள். பழைய வேட்டியில் வெட்டி, தைத்து, போட்டுப் பார்த்தோம். கழுத்து ஒரு பக்கம் இழுத்தது. மறுபடி வரைந்தேன். மூன்றாவது தடவைதான் ஒழுங்காக உட்கார்ந்தது. அதன் பிறகே பட்டில் கத்தரி வைத்தேன்.

கல்யாணத்தன்று அண்ணி இரண்டு கைகளாலும் தாம்பாளம் ஏந்திச் சம்பந்திகளை வரவேற்றார். முந்தானை அசையவில்லை. யார் தைத்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் என்னைக் கை காட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதைக் கேள்விப்பட்டுத் தேவிகாபுரத்திலிருந்து ஒரு பெண் பஸ் ஏறி வந்தார். புற்றுநோயால் ஒரு பக்க மார்பை எடுத்திருந்தார்கள்.

"துணிய வச்சிட்டுப் போங்க, தச்சுத் தரேன்," என்றேன்.

"வேணாங்க. எப்படி வெட்றதுன்னு சொல்லிக் குடுங்க. ஒவ்வொரு வாட்டியும் இன்னொருத்தர்கிட்ட அளவு குடுத்துகினு நிக்க முடியல."

நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வந்தார். தன்னைத் தானே அளந்து, தன் தாளைத் தானே வரைந்தார். போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார்: கொடியில் தொங்கும் பச்சை ஜாக்கெட். கீழே, "நானே தச்சது. இது நாலாவது" என்று எழுதியிருந்தார். என் கையால் தைத்த எதற்கும் நான் அவ்வளவு பெருமைப்பட்டதில்லை.