வேண்டுதல் அரிவாளுக்குச் சாணை கிடையாது

இரும்புக்கடை வைத்திருப்பவர்களே, நம் தொழிலின் சங்கடம் உங்களுக்கும் தெரியும்: மண்வெட்டி வாங்குகிறவன் எதற்கென்று சொல்வதில்லை, வீச்சரிவாள் வாங்குகிறவன் மட்டும் நாம் கேட்காமலே காரணம் சொல்வான்.

பாதி ஆயுசைச் சிங்கப்பூரில் கழித்துவிட்டு, அத்தாவின் கடையை நடத்த நான் நீடாமங்கலம் திரும்பிய வருஷம், சுற்றுவட்டாரமெல்லாம் குத்தகைத் தகராறு.

விலக்கு

பக்கத்து ஊரில் ஒருவரை வரப்பில் வைத்தே வெட்டிவிட்டார்கள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டரிடம், நீளக் கத்திக்குச் சட்டம் இருக்கிறதே, அரிவாளுக்கு இல்லையா என்று கேட்டேன். விவசாயக் கருவிக்கு விலக்கு உண்டாம்.

"எங்க ஸ்டேஷன்ல பிடிபடுற அரிவாள் எல்லாமே விவசாயம்தான் பார்க்குது பாய்" என்றார்.

மனு

அந்த விலக்கை இறுக்கச் சொல்லித் தமிழிலும் இங்கிலீஷிலும் சர்க்காருக்கு மனு எழுதினேன். அறுப்புக்கான கருக்கரிவாளை யாருக்கும் விற்கலாம். வீச்சரிவாளுக்கு வி.ஏ.ஓ. கையெழுத்து வேண்டும். அய்யனாருக்கு நேர்ந்துகொண்டு வாங்குவதைச் சாணை பிடிக்காமல்தான் கொடுக்க வேண்டும்; கோயிலில் நட்டு வைப்பதற்குக் கூர் எதற்கு?

வியாபாரிகள் கூட்டத்தில் வாசித்தேன். ஒருத்தரும் கையெழுத்துப் போடவில்லை. சட்டம் வரும்வரை என் கடையில் இதுதான் சட்டம் என்றேன். எதிர்க்கடைச் செட்டியார் வாய்விட்டுச் சிரித்தார்.

"சிங்கப்பூர்ல இரும்பு வித்தீங்களா, இல்ல மந்திரியா இருந்தீங்களா பாய்?"

வேண்டுதல்

கோவிந்தன் எங்கள் அத்தா காலத்து வாடிக்கை. அவர் குத்தகை வயலில் நட்டிருந்த பயிரை மிராசுதாரின் ஏஜெண்டு டிராக்டர் விட்டு உழுது அழித்தது ஊருக்கே தெரியும். மறுநாள் நான் கடை திறக்கும்போதே வந்து நின்றார். அய்யனாருக்கு வேண்டுதலாம், வீச்சரிவாள் வேண்டுமாம்.

"தாராளமா. வாயை மழுக்கித் தர்றேன்."

"சாணை போட்டே கொடுங்க."

"சாமிக்குத்தானே கோவிந்தன்?"

பணத்தைத் திரும்ப மடியில் சொருகிக்கொண்டார்.

"மொன்னை அரிவாளைக் கொண்டுபோய் வச்சா அய்யனாரு என்னைப் பத்தி என்ன நெனப்பாரு பாய்?"

எதிர்க்கடை

நேராகச் செட்டியார் கடைக்குள் போனார். கல்லாவைப் பூட்டாமலே எழுந்தேன். "ஸ்டாக் இல்லப்பா, நேத்தோட தீர்ந்துபோச்சு" என்று செட்டியார் சொன்னது ரோடு தாண்டிக் கேட்டது. அவர் தலைக்கு மேலேயே ஏழெட்டு அரிவாள் தொங்கிக்கொண்டிருந்தது.

கோவிந்தன் நடுரோட்டில் நின்று இரண்டு கடையையும் திட்டினார். பஸ்காரன் ஹாரன் அடித்தும் நகரவில்லை. நான் போய்க் கையைப் பிடித்தேன். தாசில்தார் ஆபீஸில் உங்கள் குத்தகைப் பதிவு இருக்கிறது, ஏஜெண்டு மேல் இன்றைக்கே புகார் கொடுப்போம், நானே எழுதி நானே கூட வருகிறேன் என்றேன். பிடித்த கையை விடவில்லை.

"ஒரு அரிவாள் கேட்டதுக்கு ரெண்டு கடைக்காரனும் சேந்து என்னை ஆபீஸ் ஆபீஸா அலைய விடுறீங்களே பாய்... சரி, பேனாவை எடுங்க."

என் மனுவுக்கு மேலிடத்திலிருந்து இன்னும் பதில் இல்லை. அதுவரை சட்டம் பார்க்க வேண்டிய வேலையை இரண்டு இரும்புக்கடைகள் தங்கள் சொந்த நஷ்டத்தில் பார்த்துக்கொண்டிருக்கின்றன.