புதுசு எந்தப் பக்கம்?

எங்கள் சித்தப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான்: வாஷிங் மெஷின் பிரிவு. துணி துவைப்பதோடு அவருக்குப் பகை ஒன்றும் இல்லை. அங்கே சூப்பர்வைசர் சித்தியின் அண்ணன். வீட்டில் மச்சான் என்று கூப்பிடும் மனுஷனைக் கடையில் "சார்" என்று கூப்பிட வேண்டி வரும்.

சித்தப்பா அதே கடையில் வீடியோ கேம் பிரிவில் விற்பனையாளர். போன தடவை டிவியில் மாட்டி விளையாடும் கேம் பெட்டி வந்தபோது கடை திறக்குமுன்பே வரிசை நின்றது. இந்தப் புதுப் பெட்டியோ அடுக்கிய இடத்திலேயே தூசி படிந்து கிடந்தது. இந்த மாதமும் நகராவிட்டால் பிரிவை மூடி அவரை வாஷிங் மெஷினுக்கு அனுப்பிவிடுவதாக மேனேஜர் சொல்லிவிட்டார்.

சித்தப்பாவுக்குப் பேச்சு வரும், பொய்தான் வராது.

"பழசுல ஓடாத கேம் இதுல என்ன இருக்கு?" என்பார் வந்தவர்.

"இப்போதைக்கு ஒண்ணும் இல்லீங்க. வரும்னு சொல்றாங்க."

"அப்ப அது வரட்டும், நானும் வர்றேன்."

கடைசியில் இரண்டு டிவி வைத்தார். ஒன்றில் புதுசு, ஒன்றில் பழசு. இரண்டிலும் ஒரே கார் பந்தயம் தானாக ஓடும். வித்தியாசத்தை ஜனங்களே பார்த்துக்கொள்ளட்டும். கையில் பிடித்து ஆடும் கண்ட்ரோலர்களை மட்டும் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டினார். கண்டவர் கை பட்டால் பட்டன் தேய்ந்துவிடுமாம்.

வந்தவர்கள் தலையாட்டினார்கள். வாங்கவில்லை.

மேனேஜரே இறங்கி வந்தார். "என்னய்யா, வித்தியாசம் கண்ணைப் பறிக்குது! புதுசுல புல்லு ஒவ்வொண்ணா தெரியுது. பழசைப் பாரு, சேத்தை அப்பின மாதிரி. இதை விக்கத் துப்பில்லையா?"

பக்கத்தில், டியூட்டி முடிந்து சீருடையோடு வந்திருந்த நர்ஸ் ஒருத்தி, "அண்ணே, ஒரு தடவை தொட்டுப் பாக்கலாமா?" என்றாள். மேனேஜர் முறைத்த முறைப்பில் பூட்டு திறந்தது.

நர்ஸ் புதுப் பெட்டியின் கண்ட்ரோலரை வாங்கி ஒரு திருப்பு திருப்பினாள். 'புதுசு' என்று எழுதி ஒட்டிய டிவியில் கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. 'பழசு' டிவியில் கார் சுவரில் போய் முட்டியது.

"ஒயரை மாத்திச் சொருகிட்டீங்களாண்ணே?"

சித்தப்பா டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். மேனேஜர் புல்லையும் சேற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எனக்கு வீட்ல இருக்கறதே போதும்ணே. சாருக்கே பழசுதான் பிடிச்சிருக்கு" என்று கண்ட்ரோலரை வைத்துவிட்டு அவள் நடையைக் கட்டினாள்.

மறுநாள் வாஷிங் மெஷின் பிரிவில் சித்தியின் அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார்.

"வாங்க மாப்ள. இங்க ஒரே சட்டம்தான். பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல வைக்கக் கூடாது."

சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டார்.

"சரிங்க... சார்."