தூங்குகிறவர்களின் பஸ்

விடிந்தும் விடியாமலும் கிளம்புகிற முதல் பஸ்ஸில் அவரை யாரும் கண்டக்டர் என்று கூப்பிட்டதில்லை. அலாரம் என்றுதான் பெயர். பெண்டாட்டியே சில சமயம் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

அந்தப் பெயர் சும்மா வந்துவிடவில்லை. அந்த பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டு வருகிறவர்கள். மீதிப் பேர் இன்னும் சரியாக எழுந்திருக்காதவர்கள். ஏறுவார்கள், இறங்குமிடத்தைச் சொல்வார்கள், டிக்கெட்டை வாங்கும்போதே கண் சொக்கிவிடும். பத்தொன்பது வருஷமாக அத்தனை பேர் இடத்தையும் மனசில் வைத்துக்கொண்டு, ஸ்டாப் வருவதற்குச் சற்று முன்னால் சீட்டுக் கம்பியில் காசால் இரண்டு தட்டு தட்டுவார். டக், டக். தூங்குகிறவர் கனவுக்குள்ளேயே எழுந்து, கனவுக்குள்ளேயே இறங்கிப் போவார். தெருவிளக்குகள் ஒவ்வொன்றாக அணைய, அத்தனை பேர் மூச்சும் ஒரே தாளத்தில் ஏறி இறங்க, பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று அவருக்கே சந்தேகம் வரும்.

அப்புறம் கார்டு வந்தது. ஏறும்போது மெஷினில் ஒரு தரம் காட்டு, இறங்கும்போது ஒரு தரம் காட்டு, முடிந்தது கதை. நல்ல சமாச்சாரம்தான், குறை சொல்ல முடியாது. சில்லறைக்காக மல்லுக்கு நின்றவர்களெல்லாம் ராஜா மாதிரி ஏறினார்கள். ஆனால் எங்கே இறங்கப்போகிறோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. முதல் மாதம், ஜனங்களுக்கு மெஷினைப் பழக்கிவிட அவரை பஸ்ஸிலேயே விட்டுவைத்தார்கள். மனுஷன் சும்மா இருந்தாரா? பழைய ஞாபகத்தில் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஒரு நாள் தையல்காரரை வழக்கமான ஸ்டாப்பில் எழுப்பினார். தையல்காரரும் வழக்கப்படி இறங்கி, கடைப் பூட்டைத் திறந்து, ஷட்டரைப் பாதி தூக்கிய பிறகுதான் அவருக்கு உறைத்தது. அன்று அவர் போகவேண்டியது பிரசவ ஆஸ்பத்திரிக்கு. மகளுக்கு வலி எடுத்திருந்தது.

மறுநாள் பஸ்ஸே அதிர்ந்தது. "யோவ் அலாரம்! பேரனை முதல்ல கையில வாங்கினது யாரு தெரியுமா? சம்பந்தி! அந்த ஆளு இதைச் சொல்லியே என்னைக் கொல்லுவான்யா! உன்னை யாரு எழுப்பச் சொன்னது?"

விஷயம் டெப்போ மேனேஜர் காதுக்குப் போயிற்று. "எழுப்பறது நம்ம வேலை இல்லைங்க. நாளையிலேர்ந்து கார்டு கவுண்டர்ல உக்காருங்க. ஒன்பது மணிக்கு வந்தாப் போதும்" என்றார் மேனேஜர்.

மின்விசிறிக்குக் கீழே நாற்காலி! கொடுத்துவைத்த மனுஷன் என்று டெப்போவே பேசியது. அவருக்கோ அந்த நாற்காலி கசந்தது. காரணம், அந்த பஸ்ஸில் வருகிற நர்ஸ் பெண். இரவு டியூட்டி முடிந்து ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தால் அடித்துப் போட்டதுபோலத் தூங்குவாள். அவள் வீடு போய்ச் சேர்ந்தால்தான் புருஷன் மூன்று வயசுப் பிள்ளையை அவளிடம் விட்டுவிட்டு ஏழு மணி ஷிப்டுக்கு ஓட முடியும். இவர் காய்ச்சலில் லீவு போட்ட ஒரு நாள் அவள் கடைசி ஸ்டாப் வரை தூங்கிப்போய்விட்டாள். புருஷனை ஃபாக்டரி கேட்டிலேயே திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு தரம் லேட்டானால் வேலை கிடையாது என்று எழுதியும் வாங்கிக்கொண்டார்கள்.

"போன்ல அலாரம் வெச்சுக்கிட்டா ஆச்சு" என்றாள் பெண்டாட்டி.

"அது அடிச்சா அணைச்சுட்டுத் தூங்குதுடி அந்தப் பொண்ணு. நானே பாத்திருக்கேன்."

"அதுக்காக நீங்க போய் எழுப்பப் போறீங்களாக்கும்?"

"ஆமா."

"போங்க, போங்க. கட்டின பெண்டாட்டியை ஒரு நாளாவது எழுப்பி ஒரு வாய் காபி குடுத்திருப்பீங்களா?"

மறுநாள் விடியலில், சொந்தக் கார்டைக் காட்டிவிட்டுப் பயணியாக ஏறினார். அவள் ஸ்டாப்பில் எழுப்பிவிட்டு, தானும் இறங்கித் திரும்பிவிடலாம் என்று கணக்கு. நர்ஸ் பெண் பாதிக் கண்ணைத் திறந்து, "அண்ணே, நீங்களா!" என்று சிரித்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். அவர் அவளுக்குப் பின் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார்.

பத்தொன்பது வருஷத்தில் அந்த பஸ்ஸில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்ததே இல்லை. அடடா, என்ன காற்று! வீடுகள் சத்தமில்லாமல் நகர்ந்தன. ஈரத் தெருவில் வெளிச்சம் நீண்டு நீண்டு கரைந்தது. இஞ்சின் அடியிலிருந்து முனகியது. இந்த சுகத்தை வைத்துக்கொண்டு எப்படித்தான் தூங்காமல் இருப்பார்கள் என்று நினைத்தார். அவ்வளவுதான் அவருக்கு ஞாபகம்.

டக், டக்.

கண்ணைத் திறந்தார். பஸ் காலியாக நின்றது. கடைசி ஸ்டாப். அவர் தலைக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் யாரோ ஒரு சால்வையை மடித்துச் சொருகியிருந்தார்கள். நர்ஸ் பெண் பக்கத்தில் நின்று, கார்டால் சீட்டுக் கம்பியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஐயையோ, நீ இறங்கலையா? பிள்ளை?"

"பக்கத்து வீட்டு அக்காகிட்ட போன்ல கெஞ்சிக் கூத்தாடி விட்டாச்சு. அவர் ஷிப்டுக்குப் போயிட்டாரு. அந்த அக்கா பத்து நாளைக்குக் குத்திக் காட்டுவாங்க, காட்டட்டும்."

"எதுக்கும்மா இது?"

"உங்க குறட்டையில எனக்கு எங்க தூக்கம் வந்துச்சு? எழுப்பலாம்னுதான் பாத்தேன். எங்க எழுப்பறது? எங்க எல்லார் ஸ்டாப்பும் உங்களுக்குத் தெரியும். உங்க ஸ்டாப் எதுன்னு நாங்க யாருமே கேட்டது கிடையாதே அண்ணே. அதான் கூடவே உக்காந்துட்டேன். சரி, சொல்லுங்க, நீங்க எங்க இறங்கணும்?"

வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"உன் ஸ்டாப்லதாம்மா" என்றார்.