கதவிடுக்கில் ஒற்றைச் செருப்பு

எண்பதுகளில் என் கணவர் கரடியூர்ப் பக்கம் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தார். எங்களுக்குக் கொடுத்த பழைய பங்களாவில், குழந்தைகள் அறைச் சுவரெல்லாம் பூப்போட்ட காகிதம் ஒட்டி, அது பூஞ்சை பிடித்துக் கிடந்தது. அதை உரிக்க வந்தவர் குனிந்துதான் அறைக்குள் நுழைய வேண்டும், அவ்வளவு உயரம். அவருடைய அம்மா முன்பு அதே பங்களாவில் ஆயாவாக இருந்தாராம்; சிறுவயதில் இவரும் அம்மாவோடு இங்கேதான் இருந்தாராம்.

வேலைக்கு வரும்போது அவர் ஒரு செருப்பை வாசலில் விட்டு, மற்றதைக் கையோடு கொண்டுவந்து அறையின் கதவிடுக்கில் வைப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டாம் நாள் டீ கொண்டுபோன நான், என் மகள் படுக்கப்போகும் அறையில் செருப்பா என்று அதைக் காலாலேயே வெளியே தள்ளினேன். மலைக்காற்றில் கதவு அறைந்து சாத்தியது. வெளிக்கொண்டி தானாக விழுந்து மாட்டிக்கொண்டது. ஜன்னலில் கம்பிகள், அதற்கப்பால் பனிமூட்டம்.

கதவை இடித்துக் கத்தினேன். அவர் காகிதத்தை நனைத்துச் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

"ஏனுங்க, நீங்களும் ஒரு சத்தம் போடுங்களேன்!"

"தட்டாதீங்கம்மா," என்றார், குரலைத் தாழ்த்தி. "சத்தம் நின்னாத்தானுங்க தொறப்பாங்க."

கதவிலிருந்து கையை எடுத்தேன். சாயங்காலம் கணவர் வந்து திறக்கும்வரை நானும் சத்தம் போடவில்லை.

மறுநாளும் காகிதம் உரிப்பவர் தன் செருப்பைக் கதவிடுக்கில் வைத்தார். நான் வாசலுக்குப் போய், என்னுடையதில் ஒன்றை எடுத்துவந்து அதன் பக்கத்தில் வைத்தேன்.