காலி வண்டியின் எடை

என் அக்கா வீட்டுக்காரரை லாரிக்காரர்கள் 'மைனஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எடைமேடையில் வேலை பார்ப்பவர். ஊருக்கு வெளியே, பெரிய சாலையின் ஓரத்தில், தரையோடு தரையாக ஓர் இரும்புத் தகடு பதித்திருக்கும். லாரி அதன்மேல் ஏறி நிற்கும். பக்கத்தில் இருக்கும் கண்ணாடி அறைக்குள் மாமா உட்கார்ந்திருப்பார். லோடோடு வண்டி எவ்வளவு, காலி வண்டி எவ்வளவு என்று பார்த்து, இதிலிருந்து அதைக் கழித்து, சரக்கின் எடையை மட்டும் சீட்டில் எழுதிக் கொடுப்பார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குத் தெரிந்து அவர் வேறு வேலை பார்த்ததில்லை.

அந்தப் புத்தி வீடு வரைக்கும் வரும். பழம் வாங்கினால் பை எத்தனை கிராம் என்று கடைக்காரரைக் கேட்பார். பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையை எடை பார்க்க, எடை மெஷினில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து ஏற்றி, பிறகு தாயை மட்டும் ஏற்றி, இரண்டையும் சத்தமாக வாசித்துக் கழித்துக் காட்டினார். அந்த அம்மாள் அதற்கப்புறம் அக்காவோடு முகம் கொடுத்துப் பேசவே இல்லை.

"மாமா, உங்களைக் கழிச்சிட்டா எங்க அக்கா நிம்மதியா இருக்கும்" என்பேன் நான்.

"உன் வாயைக் கழிச்சிட்டா உன்கிட்ட மிச்சம் என்ன தேறும், மாப்ள?" என்பார். எங்களுக்குள் பேச்சு எப்போதும் அப்படித்தான்.

அவருடைய பெரிய பெருமை கல் கண்டுபிடிப்பதில். பழைய இரும்பு வாங்க வருகிற சில டிரைவர்கள், காலி வண்டியை எடை போடும்போது டிரைவர் சீட்டுக்கு அடியில் கற்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். காலி எடை கூடுதலாகக் காட்டும். அப்புறம் கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு இரும்பை ஏற்றினால், அந்தக் கல்லின் எடைக்கு இரும்பு சும்மா கிடைக்கும். மாமா கண்ணாடி அறையிலிருந்து இறங்கி வருவார். டயர் அமுங்கி இருப்பதைப் பார்ப்பார். சீட்டைக் கையால் தட்டுவார். "கல்லை இறக்கு. அப்புறம் ஏறு" என்பார். அவரிடம் யாருடைய பாச்சாவும் பலித்ததில்லை.

அப்படிப்பட்ட மனிதர் கொஞ்சம் கொஞ்சமாக ஆளே மாறிப்போனார். நான் என்ன கிண்டல் செய்தாலும் "ஆமா மாப்ள" என்று மட்டும் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு முதலில் வலித்தது அதுதான். வேலை முடிந்து வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசல் நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். தட்டில் போட்டதில் பாதி அப்படியே இருக்கும். வேலை இருக்கிறது, கடன் இல்லை, வெளியூரில் படிக்கிற மகள் வாரம் தவறாமல் போன் பண்ணுகிறாள். யாரும் சாகவில்லை, யாரோடும் சண்டை இல்லை. ஒன்றுமே நடக்காமல் ஒரு மனிதர் எப்படி இப்படி ஆவார் என்று நான் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

டாக்டரிடம் போகலாம் என்று அக்கா கெஞ்சாத நாள் இல்லை. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்பார். கடைசியில் ஒரு நாள் இறங்கி வந்தார், நிபந்தனையோடு.

"ஒரே ஒரு தடவை வர்றேன். ஒண்ணுமில்லைன்னு அவங்க சொல்லிட்டா, அதுக்கப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அக்கா சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? மாமா சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை. இந்த ஒரு தடவையை விட்டால் மறு தடவை கிடையாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும். நான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே வேனில் இவர்களை ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மனநலப் பிரிவு மாடியில், மூலையில் இருந்தது. உள்ளே ஒரு மேஜை, நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், யாரும் தூக்கிக்கொண்டு போகாதபடி நூலில் கட்டிய பேனா. நடுவயது நர்ஸ் ஒருவர் மாமாவிடம் ஒரு தாளை நீட்டினார்.

"டாக்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி இதை எழுதிக் குடுங்க. ஒன்பது கேள்வி. போன ரெண்டு வாரத்துல இந்தத் தொந்தரவு எத்தனை நாள் இருந்துச்சுன்னு நீங்களே மார்க் போடணும். இல்லவே இல்லைன்னா பூஜ்யம். கிட்டத்தட்ட தினமும்னா மூணு."

மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். ரொம்ப நாளைக்கப்புறம் அவர் முகத்தில் ஓர் ஆர்வத்தைப் பார்த்தேன். அளக்கிற சாமான் எதுவாக இருந்தாலும் அவருக்கு அப்படித்தான்.

"மனசை அளக்கறதா இது? எங்க மேடைக்கு மாதிரி வருஷா வருஷம் வந்து சோதிச்சு முத்திரை வெப்பாங்களா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். "முத்திரை எல்லாம் இல்லைங்க. ஆனா ஆயிரக்கணக்கான பேர்கிட்ட போட்டுப் பாத்துச் சரி பண்ணினதுதான்."

"எடை போடுறவனும் நானே, ஏறி நிக்கிறவனும் நானேன்னா எப்படிம்மா சரியா வரும்?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனாலதான் எழுதி முடிச்சதும் உக்காந்து பேசுறோம்."

மாமா வெகு சிரத்தையாக எழுதினார். ஒவ்வொரு கேள்விக்கும் கண்ணை மூடினார், உதடு அசைந்தது, பிறகு எழுதினார். எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருப்பது, மனம் சோர்ந்து கிடப்பது, தூக்கம், அசதி, பசி என்று கேள்விகள் போய்க்கொண்டே இருந்தன. நான் எட்டிப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், தூக்கத்துக்கு மட்டும் ஒன்று, அதற்கப்புறம் கடைசி வரை பூஜ்யம்.

"மொத்தம் ஒண்ணு" என்று சொல்லிவிட்டு மாமா எழுந்தார். "பாத்தியா? போலாமா?"

அக்காவின் முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனிதர் வேண்டுமென்றே பொய் எழுதிவிட்டார் என்று நினைத்தேன். ஆனால் ஒரு கிலோவைக்கூட மாற்றி எழுதாத கை அது. அதுதான் எனக்குப் பிடிபடவே இல்லை.

"கொஞ்சம் உக்காருங்க, பேசணும்னு சொன்னேனே" என்றார் நர்ஸ். "தூக்கத்துக்கு ஒண்ணு போட்டிருக்கீங்க. என்ன ஆச்சு?"

"நாலஞ்சு நாள் ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுச்சும்மா."

"மத்த நாள்?"

"மத்த நாள் எப்பவும் போல மூணு மணிதான்."

நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். "தினமும் மூணு மணிக்கு முழிச்சுக்கிறீங்களா? அதுக்கப்புறம் தூக்கம்?"

"வராது. விடியற வரைக்கும் சும்மா படுத்திருப்பேன்."

"எவ்வளவு நாளா இப்படி?"

"அது இருக்கும், மூணு நாலு வருஷம்."

"அப்புறம் ஏங்க அதை எழுதலை?"

மாமா அவரைப் பரிதாபத்தோடு பார்த்தார். புது டிரைவர்களை அப்படித்தான் பார்ப்பார். "அது எப்பவும் உள்ளதும்மா. காலி வண்டி எடை. அதைக் கழிச்சிட்டுத்தானே லோடை எழுதணும்? இந்த ரெண்டு வாரத்துல புதுசா ஏறினதை எழுதியிருக்கேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். நர்ஸுக்கு முழுசாகப் புரியவில்லை, என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஒன்பது கேள்விக்கும் இந்த மனிதர் உட்கார்ந்து கழித்திருக்கிறார். பசி இல்லையா, அது எப்போதும் இல்லை, கழி. எதிலும் மனசு ஒட்டவில்லையா, அதுவும் பழசு, கழி. எனக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. நான் அவர் பக்கத்து நாற்காலிக்குப் போனேன்.

"மாமா, நீங்க எப்ப போட்ட காலி எடையைக் கழிச்சீங்க?"

"எப்ப போட்டதுன்னா? இப்ப இருக்கறதுதான்."

"என் கல்யாணத்துல விடிய விடிய எல்லாரையும் தூங்க விடாம பேசிக்கிட்டு இருந்தீங்களே, அப்ப இந்த எடை இருந்துச்சா? என் தட்டுல இருந்ததையும் எடுத்துச் சாப்பிட்டீங்களே, அப்ப?"

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"சீட்டுக்கு அடியில கல்லை வெச்சுக்கிட்டுக் காலி வண்டின்னு கழிச்சிருக்கீங்க, மாமா. வேற எவனாச்சும் இப்படி வந்திருந்தா விட்டிருப்பீங்களா?"

மாமா தாளைப் பார்த்தபடி இருந்தார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடத்தது, அதை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார் கடைசியில். "வேற தாள் ஒண்ணு குடுங்கம்மா."

இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. எழுதிக்கொண்டே போனார். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்கிற கடைசிக் கேள்விக்கு மட்டும் பூஜ்யம் போட்டார். நர்ஸ் அதை வாய்விட்டும் கேட்டார். "இல்லம்மா, அப்படித் தோணினதில்லை. வண்டியை ஓரமா நிறுத்திடலாம்னு தோணும், அவ்வளவுதான்" என்றார் மாமா. நர்ஸ் அதையும் குறித்துக்கொண்டார்.

பிறகு கூட்டினார். டிரைவர்கள் பின்னால் தகராறு பண்ணக் கூடாது என்று மேடையில் எடையை இரண்டு தடவை உரக்க வாசிப்பது அவர் வழக்கம். அதே குரலில் வாசித்தார்.

"பதினெட்டு. பதினெட்டு."

"டாக்டர் பாத்துடுவார். இது சரி பண்ணக் கூடியதுதான்" என்றார் நர்ஸ். அக்கா அழுதாள். அழுதுகொண்டே மாமாவின் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். மூன்று மணிக்கு அவர் விழித்துக் கிடந்த இரவுகளில் பக்கத்தில் படுத்திருந்தவள் அவள்தானே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. எனக்கு உறைத்தது மாமாவுக்கும் உறைத்திருக்க வேண்டும். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னொரு தாள் இருக்கா?" என்று நர்ஸைக் கேட்டார். "இவளுக்கு. இவளும் இத்தனை வருஷமா என்கூடவேதான் மேடையில நிக்கிறா."

"எனக்கு எதுக்கு?" என்றாள் அக்கா. "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்."

"நானும் அதையேதான் சொன்னேன்." மாமா நூலில் கட்டிய பேனாவை இழுத்து அவள் கையில் வைத்தார். "எதையும் கழிக்காம எழுது."

அக்கா முதல் கேள்வியை இரண்டு தடவை படித்தாள். பிறகு மூன்று என்று எழுதினாள்.